காய்க்கிறதுக்கா, கணக்குக்கா?

பங்குனி மாதத்தில் ஒரு நாள், எங்கள் நிலத்து வரப்பில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். அன்று மாலைக்குள் நாங்கள் பணக்காரர்கள் ஆகிவிட்டோம். பணம் மட்டும்தான் வரவேண்டியிருந்தது.

நிலம் கீழ்பென்னாத்தூர் பக்கம் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர், செம்மண், கிணறு கிடையாது. மழை பெய்தால் வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை; பெய்யாவிட்டால் புல். நாங்கள் குடியிருப்பது வேங்கிக்காலில், கடன் வாங்கிக் கட்டிய வீட்டில். அப்பா காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூட வேன் ஓட்டுவார், இடைப்பட்ட நேரத்தில் விவசாயி. அம்மா முழுநேர விவசாயி, ஆனால் பட்டா அப்பா பெயரில். நான் சிவில் படித்துவிட்டு, கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு சின்ன சர்வே அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறேன்.

கல் வந்த காரணம், புறவழிச் சாலை. லாரிகள் ஊருக்குள் வராமல் சுற்றிக்கொண்டு போக ஒரு சாலை போடப்போகிறார்கள், கல் போகிற வழியில் சாலை போகும், சாலைக்குள் விழும் நிலத்துக்கு நஷ்டஈடு வரும் என்று பேசிக்கொண்டார்கள். எவ்வளவு வரும் என்பதை டீக்கடையில் தீர்மானித்தார்கள். ஒவ்வொரு டீக்கும் கொஞ்சம் ஏறியது. அந்தச் சாலை வேலை எங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை என்று நான் வீட்டில் பலமுறை சொன்னேன். யாரும் நம்பவில்லை.

"வாயத் தொறக்கவே மாட்டா. ஆபீஸ் ரகசியம்," என்று அப்பா என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

எங்கள் நிலத்துக்குக் கிழக்கே சித்தப்பாவின் நிலம். அப்பாவின் தம்பி, டவுனில் டயர் கடை வைத்திருக்கிறார். நிலத்தை உழுது பல வருடம் ஆகி, சீமைக்கருவேலம் ஆள் உயரம் நின்றது. மனை போட்டு விற்க வேண்டும் என்பது அவருடைய நீண்ட காலத் திட்டம். திட்டத்தில் முதல் வேலை முள் வெட்டுவது என்பதால் அது ஆரம்பிக்கவே இல்லை. சாலை வந்தால் மனை போகுமே என்று அவருக்குக் கவலை. அந்தப் பௌர்ணமிக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்தேதான் கிரிவலம் போனார்கள். சாலை எங்கள் நிலத்தில் வர வேண்டும் என்று அப்பா வேண்டிக்கொண்டார். தன் நிலத்தில் வரக் கூடாது என்று சித்தப்பா வேண்டிக்கொண்டார். குபேர லிங்கத்தில் அப்பா நின்ற நேரத்துக்குள் சித்தப்பா அடுத்த லிங்கத்தையே பார்த்துவிட்டு, சுக்குக் காபியும் குடித்துவிட்டாராம்.

பணம் வந்தால் என்ன செய்வது என்று ஒருநாள் சாப்பிடும்போது பேச்சு வந்தது. பேச்சு நாலாபக்கமும் ஓடியதால் நான் லேப்டாப்பைத் திறந்து ஓர் அட்டவணை போட்டேன். யார், என்ன, தோராயமாக எவ்வளவு, எப்போது. எதையும் கட்டத்துக்குள் போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நெலம் வாங்கணும். கெணறோட."

"நிலத்தக் குடுத்துட்டு நிலம் வாங்குறதாப்பா?"

"பின்ன, துட்ட வச்சிக்கினு இன்னா பண்றது?"

என் வரிசையில் முதலில் வீட்டுக் கடனை அடைப்பது என்று எழுதினேன். இரண்டாவதாக, ஒரு வருடம் எதுவுமே செய்யாமல் இருப்பது. அதற்கு மாதவாரியாகத் திட்டம் போடத் தொடங்கி, ஜூலை வரை வந்ததும் களைத்துப்போய் நிறுத்தினேன்.

அம்மாவைக் கேட்டேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஆடிக்கு வெதைக்கணும்," என்றாள்.

"அது இல்லம்மா. பணம் வந்தா?"

"வரட்டும். ஆடியும் வரும்ல?"

அவள் கட்டத்தில் 'பிறகு' என்று எழுதிவைத்தேன்.

அடுத்த மாதத்தில் எங்கள் வீட்டைப் பலருக்கும் பிடித்துப்போனது. என் ஜாதகம் பொருந்தவில்லை என்று முன்பு சொல்லி அனுப்பிய ஒரு குடும்பம், வேறொரு ஜோசியரிடம் காட்டியதாகவும் இப்போது நன்றாகவே பொருந்துவதாகவும் போன் செய்தது. கிரகங்களும் கல்லைப் பார்த்திருக்கும்போல. நான் வேலையாக இருப்பதாக அம்மா சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

வரப்போகும் பணத்துக்கு நிலம் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவார். குழந்தைகள் உட்காரும் சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு நாங்கள் சொத்து வாங்கப் போவோம். பார்த்த இடமெல்லாம் விலை ஏறியிருந்தது. ரோட்டுக்கு நிலம் கொடுக்கிறவர்கள் எல்லோரும் வந்து நிலம்தான் கேட்பார்கள் என்று விற்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடைசியாக ஒரு இடம் அப்பாவுக்குப் பிடித்தது. ஒன்றரை ஏக்கர், செம்மண், வேர்க்கடலை போட்டு எடுத்த பூமி. கிணறு இருந்தது, அதில் தண்ணீர் இல்லை. நம் நிலத்தைவிட வீட்டிலிருந்து தூரம். விலை, நமக்கு வரப்போவதாக டீக்கடையில் பேசிக்கொண்ட அதே தொகை.

அம்மா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள்.

"இதுக்கு நம்ம நெலத்தயே வாங்கிக்கலாமே," என்றாள்.

அப்பா திரும்பி வரும் வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

நிலத்துக்கு வரும் பணம் போதாது, அதை ஏற்ற வேண்டும் என்று அவர் முடிவு செய்தது அன்றுதான். அதற்கு ஒரு வழி இருந்தது. சாலைக்கு எடுக்கும் நிலத்தில் மரம் இருந்தால், மரத்துக்குத் தனியாகக் கணக்கு உண்டு. வெறும் புஞ்சை என்றால் ஒரு விலை, தோப்பு என்றால் இன்னொரு விலை என்றும் சொல்லிக்கொண்டார்கள். கல் நட்ட வழி நெடுக, வாழ்நாளில் துளசிகூட வைக்காதவர்கள் மரம் நட்டுக்கொண்டிருந்தார்கள். மினி லாரியில் கன்றுகளை ஏற்றிக்கொண்டு ஒருவர் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வரப்போரம் வண்டியை நிறுத்தி, இறங்காமலே கேட்டார்.

"காய்க்கறதுக்கா, கணக்குக்கா?"

அப்பா விழித்தார்.

"காய்க்கறதுக்குன்னா ஒட்டுக் கன்னுங்க. வெல ஜாஸ்தி. கணக்குக்குன்னா தலைய எண்ணிக்கினு போறதுதான? எத நட்டாலும் ஒண்ணு ஒண்ணுதான். கம்மில தர்றேன்."

"கணக்குக்கே குடு," என்றார் அப்பா.

"கணக்கு முடிஞ்சப்பறம் அதுங்க இன்னா பண்ணும்?" என்று அம்மா கேட்டாள்.

"ரோடு வந்துரும்லக்கா."

நான் அப்பாவைத் தனியே அழைத்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அறிவிப்பு வந்த பிறகு நட்ட மரம் கணக்கில் சேராது, அதற்கு முன்பே மேலிருந்து படம் எடுத்து வைத்திருப்பார்கள்.

"எண்ண வர்றவன் மரத்தப் பாப்பானா, அது பொறந்த தேதியப் பாப்பானா?"

"தேதியத்தான்பா பாப்பாங்க."

"ஆபீஸ்ல இருந்துக்கினு நீயே இப்டிப் பேசுற பாரு," என்று வருத்தப்பட்டார்.

கோடை மழைக்கு அம்மா உழுதுபோட்டிருந்த நிலத்தில், கைக்கு எட்டும் இடைவெளியில் கன்றுகளை நட்டார்கள். மா, கொய்யா, தேக்கு, இன்னதென்று தெரியாதது. கிணறு இல்லாததால் அப்பா பள்ளிக்கூட வேனில் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுபோனார். கடலைக்கு ஒருநாளும் தண்ணீர் சுமக்காதவர், அந்தக் கன்றுகளைக் காலையிலும் மதியத்திலும் போய்ப் பார்த்தார். அவற்றில் ஒன்றைக்கூட வளர்க்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

இனி வீட்டில் கேள்வி ஒன்றுதான்: அந்த ஆடிக்கு வேர்க்கடலை விதைப்பதா, இல்லையா. எண்ண வருகிறவர் கடலைச் செடியைப் பார்த்தால் புஞ்சை என்று எழுதிவிடுவார், அதனால் எண்ணி முடிக்கும்வரை நிலத்தில் எதுவும் போடக் கூடாது என்றார் அப்பா. அம்மா போன அறுவடையில் நல்ல காயாகப் பொறுக்கி, காயவைத்து, விதைக்கென்று மூட்டை கட்டி வைத்திருந்தாள். அந்தப் பருவம் விட்டால் அது விதை இல்லை, எண்ணெய்க்குப் போகும் கடலை. அடுத்த வருடம் விலைக்கு விதை வாங்க வேண்டும். அவளுக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

ஆனி கடைசியில் ஒருநாள் அலுவலகத்திலிருந்து வந்தேன். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மூட்டையைப் பிரித்துக் கூடத்தில் கொட்டி, ஒவ்வொரு காயாகக் கையால் உடைத்துக்கொண்டிருந்தாள். தோல் கிழியாமல் பருப்பு முறத்தில் விழுந்துகொண்டிருந்தது. உடைக்கும் வேகத்தைப் பார்த்தால் சீரியலில் யாரோ அவளுக்குப் பிடிக்காதவர் வந்திருக்க வேண்டும்.

பின்னாலேயே அப்பா வந்தார். வாசலில் செருப்போடு நின்றுவிட்டார்.

"இந்தா, இன்னா பண்ற நீ? எண்ண ஆளு வராம வெதைக்கக் கூடாதுனு சொன்னனா இல்லியா?"

"நான் எங்க வெதைக்கறேன்? ஒடைக்கறேன்."

அப்பா முறத்தைப் பார்த்தார். அவருக்கும் தெரியும், விதைக் கடலை காயாக இருக்கும்வரை காத்திருக்கும், உடைத்துவிட்டால் காத்திருக்காது. சில நாளில் மங்கிப்போகும், முளைப்பு குறையும். அதனால்தான் யாரும் மழையும் ஆளும் கைக்கு வராமல் உடைக்க மாட்டார்கள். அம்மா மூட்டை முழுவதையும் உடைத்துக்கொண்டிருந்தாள். அரசாங்கத்துக்கு அவள் கொடுத்த கெடு அது.

"மல்லாட்டயப் பாத்தான்னா புஞ்சைனு எழுதிக்கினு போய்ருவான். எல்லாம் போச்சி."

"தோப்புல மல்லாட்ட இருக்கக் கூடாதுனு எவன் சொன்னான்?"

"கவுருமெண்டு."

"போயி நல்லா கேட்டுக்கினு வாங்க. ஒரு வாரம் தாங்கும் இது."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஒரு வாரத்துல எண்ண வருவாங்களா? உண்மையச் சொல்லு."

"வரமாட்டாங்கப்பா."

எனக்கு எதுவும் தெரியாது. எந்த வேலையும் ஒரு வாரத்தில் நடந்து நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் அவர் அதை ஆபீஸ் ரகசியம் என்று எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்து ஒரு கை காயை எடுத்து உடைக்க ஆரம்பித்தார். "தோலு கிழியுது. விடுங்க," என்றாள் அம்மா.

மழை வந்தது. கன்றுகளுக்கு நடுவே டிராக்டர் நுழையாது, ஏரும் திரும்பாது. அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களை வைத்து அம்மா, களைக்கொத்தால் கொத்திக் கொத்திக் கையால் விதையை ஊன்றினாள். ஆட்களை அழைத்துவந்தது அதே பள்ளிக்கூட வேன். ஒவ்வொரு கன்றையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. "இன்னாக்கா இது, காட்டுல வந்து வெதைக்கறோம்?" என்று ஒரு பெண் கேட்டாள். "எங்கூட்டுக்காரு வச்ச தோப்பு," என்றாள் அம்மா. அவர்கள் சிரித்து முடிக்கும்வரை வேலை நின்றது. அப்பா வேனுக்குள் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் மழை குறை வைக்கவில்லை. கடலை மண்ணை மூடிப் படர்ந்தது. அந்த ஈரத்தில், கணக்குக்கென்று வாங்கிய கன்றுகளும் விவரம் தெரியாமல் வளர்ந்தன.

செடி பூ விட்டிருந்த சமயத்தில் சித்தப்பா போன் செய்தார். ஸ்பீக்கரில் போடாமலே எங்களுக்குக் கேட்டது.

"அண்ணா, ரோட்ட மாத்திட்டாங்களாம்ணா! எனுது பூராவும் போவுதாம்! ஒனக்கு ஒரு அடிகூட இல்லியாம்!"

சித்தப்பா அழுதுகொண்டிருந்தார். அப்பா ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தார். "வுட்றா, வுட்றா," என்றார். அதை யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

மாற்றிய காரணத்தை டீக்கடை ஒரு வாரத்தில் கண்டுபிடித்தது. எங்கள் வரிசையில் ஒரே தோப்பாக இருக்கிறதாம், மரத்துக்கெல்லாம் கொடுத்தால் செலவு ஜாஸ்தியாகும் என்று கிழக்கே முள்ளுக்காட்டுப் பக்கம் தள்ளிவிட்டார்களாம். இது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மேலிருந்து எடுத்த புதுப் படம் ஒன்று பிறகு என் கண்ணில் பட்டது. சுற்றிலும் மண் நிறம், நடுவே அடர்ந்த பச்சையில் ஒரு செவ்வகம். கன்றா கடலையா என்று மேலிருந்து தெரியாது. வரைபடம் போடுவது நானாக இருந்தாலும் அதில் தோப்பு என்றுதான் குறித்திருப்பேன்.

அப்பா இதைக் கேட்டுவிட்டு அம்மாவிடம் போனார். "வெறும் கன்னு மட்டும் இருந்திருந்தா இந்தப் பச்ச தெரிஞ்சிருக்காது. ஒன் மல்லாட்டதான் காட்டிக் குடுத்துடுச்சி."

"நெலம் பச்சையா இருந்தா தப்பா?"

"தோப்பா தெரிஞ்சிடுச்சில்ல!"

"தோப்பா தெரியணும்னுதான சொன்னீங்க?"

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஜோசியரை மாற்றிய குடும்பம் மறுபடியும் பழைய ஜோசியரிடமே போய்விட்டது.

இரண்டு அறுவடை கழித்துச் சித்தப்பாவுக்குப் பணம் வந்தது. அழுகை எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. முதலில் ஒரு பெரிய கார் வாங்கினார். அது அவர் தெருவுக்குள் திரும்பாததால் மெயின் ரோட்டில் தெரிந்தவர் கடை வாசலில் நிறுத்திவிட்டு, வீட்டுக்கு ஆட்டோவில் வருவார். அதற்குமேல் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. ஒருநாள் எனக்குப் போன் செய்தார்.

"பாப்பா, நீ அப்ப ஒரு லிஸ்டு போட்டல்ல? அத எனக்கு அனுப்பு."

"அது எங்களுக்குப் போட்டது சித்தப்பா."

"பரவால்ல. நீங்க நல்லா யோசிச்சிருப்பீங்க."

அனுப்பினேன். பணம் எங்களுக்கு வராவிட்டாலும் திட்டமாவது உபயோகப்படட்டும். அவர் மேலிருந்து ஆரம்பித்திருக்கிறார். முதல் வரி: நிலம், கிணறோடு. நாங்கள் பார்த்த அதே நிலத்தைப் போய்ப் பார்த்திருக்கிறார். விலை இன்னும் ஏறியிருந்தது, கிணற்றில் இன்னும் தண்ணீர் இல்லை. பிறகு யோசித்து, தெரிந்த இடமே மேல் என்று எங்கள் நிலத்துக்கு வந்தார்.

அன்று கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு விடுமுறை. சித்தப்பா காரைத் தார் ரோட்டில் விட்டுவிட்டு, வெள்ளை பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். அவருடைய பழைய நிலம் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் மண் கொட்டிச் சாலை எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் நிலத்திலிருந்து அதில் ஏற வழியில்லை. லாரிகள் தலைக்கு மேலே போய்வந்தன.

சித்தப்பா ஒரு தொகையைச் சொன்னார். டீக்கடைத் தொகை இல்லை, ஆனால் என் அட்டவணையின் முதல் கட்டங்கள் நிரம்பும். வீட்டுக் கடன் அடையும். நான் ஜூலை வரையாவது எதுவும் செய்யாமல் இருக்கலாம்.

"மரம் வேற இருக்குதேண்ணா, அதுக்குத் தனியா போட்டுத் தர்றேன்," என்றார்.

அப்பா நிமிர்ந்து கன்றுகளைப் பார்த்தார். நெருக்கத்தில் பாதியைப் பிடுங்கிப் போட்டிருந்தார். மீதியில் ஒரு கொய்யா காய்த்திருந்தது. கடைசியில் ஒருவர் எண்ண வந்துவிட்டார். அப்பாவின் முகத்தில் ஒரு கணம் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். வாங்கிக்கொள்வார் என்றே நினைத்தேன். அவர் கையிலிருந்த செடியை உதறி மண்ணைத் தட்டினார். காய் கொத்தாகத் தொங்கியது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணியக் கேளு," என்றார்.

அம்மா அடுப்பு மூட்டி, ஆட்களுக்காகப் பச்சைக் கடலையை உப்புப் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"எதுக்கு வாங்கற? காய்க்கறதுக்கா, கணக்குக்கா?"

சித்தப்பா நேர்மையாகவே யோசித்தார்.

"தெர்லயே அண்ணி. துட்டு வந்துடுச்சி. எதனா வாங்கணுமில்ல?"

"அப்ப மல்லாட்ட வாங்கிக்கினு போ," என்றாள் அம்மா.

அவர் சிரித்தார், பிறகு அவள் சிரிக்கவில்லை என்று பார்த்தார். அம்மா படியை எடுத்து வெந்த கடலையைத் தலைதட்டி அளந்து ஒரு பையில் போட்டாள். கொழுந்தன் என்பதால் மேலே ஒரு கை கூடப் போட்டாள். விலை சொன்னாள், டவுன் விலை. அவர் பர்ஸிலிருந்து ஒரு பெரிய நோட்டை எடுத்தார். யாரிடமும் சில்லறை இல்லை. மீதிக்கும் கடலையே அளந்து கொடுத்தாள். இரண்டு கையிலும் பைகளோடு, பேன்ட்டைத் தூக்கிப் பிடிக்க முடியாமல், ஈர வரப்பில் கார் வரைக்கும் நடந்து போனார்.

அம்மா நோட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்தச் சாலையிலிருந்து எங்கள் நிலத்துக்கு வந்த பணம் அது ஒன்றுதான்.